பிடுங்கி எறிய மனசு வராத எள்ளு

ஆயிரம் எள்ளை எண்ணி எடை போட்டால் சுமார் 3 கிராம் வரும். ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அந்த 2 கிலோவுக்குள் ஆறரை லட்சம் விதைகள் இருக்கின்றன. வரிசைக்கு வரிசை ஓரடி, செடிக்குச் செடி ஓரடி என்பது பரிந்துரைக்கப்பட்ட இடைவெளி. ஏக்கருக்கு 43,560 சதுர அடி. ஆக, அறுவடை வரை அந்த வயலில் நிற்க வேண்டிய செடிகள் ஏறக்குறைய 43,000தான். பதினைந்து விதைக்கு ஒரு செடி.

மீதிப் பதினாலில் சிலவற்றை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும். சிலது மேல்மண் இறுகி முளைக்காமலே மடியும். இவ்வளவையும் தாண்டி முளைத்து வருவதை ஆள் இறங்கிப் பிடுங்க வேண்டும். விதைத்த 15-ஆம் நாள் செடிக்குச் செடி அரையடி இருக்கும்படி ஒரு முறை, 30-ஆம் நாள் ஓரடி இருக்கும்படி இன்னொரு முறை. செடி கலைத்தல் என்று இதற்குப் பெயர். கடைக்குப் போக வேண்டாம், மருந்து வாங்க வேண்டாம், கடன் கேட்க வேண்டாம். இருந்தும் எள் சாகுபடிக்கென்று சொல்லப்படும் மேம்பட்ட முறைகளில் மிகக் குறைவாகக் கடைப்பிடிக்கப்படுபவற்றில் இதுவும் ஒன்று.

ஏன் என்று கேட்டால், "முளைச்சு வந்ததைப் பிடுங்கிப் போட மனசு வரலீங்க" என்பதுதான் பல ஊர்களிலும் முதலில் வரும் பதில். அதிகாரிகள் இதை அறியாமை என்று எழுதிக்கொண்டு போவார்கள். கொஞ்சம் உட்கார்ந்து பேசினால் அடுத்த பதில் வரும்: "ஆளுக்கு எங்கே போறது?"

இந்த இரண்டாவது பதிலைத்தான் இந்தக் கட்டுரை பின்தொடர்கிறது. சிறு, குறு விவசாயிகள் புதிய முறைகளை ஏற்பதில்லை என்ற பேச்சு ஐம்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எள் வயலில் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பொட்டலத்தில் வருவதை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். புது ரகம் கிடைத்தால் விதைக்கிறார்கள், பூச்சி விழுந்தால் மருந்து அடிக்கிறார்கள். குனிந்து, நாள் பார்த்து, பத்துப் பேர் கைகளால் செய்ய வேண்டியவைதான் நின்றுபோகின்றன. அந்தக் கைகளுக்குக் கூலி கொடுக்க எந்தத் திட்டத்திலும் ஒரு வரி இல்லாததே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மிச்சத்தில் வளரும் பயிர்

எள்ளுக்கென்று தனியாக நிலம் ஒதுக்கும் சிறு விவசாயி அபூர்வம். காவிரிப் படுகையில் சம்பாவோ தாளடியோ அறுத்த பிறகு, தையிலும் மாசியிலும், ஈரம் மிச்சமிருக்கும் தரிசில் எள் வருகிறது. கடலூர், விழுப்புரம் பக்கம் மானாவாரியிலும் இறவையிலும் வருகிறது. ஈரோடு மாவட்டத்தில் சிவகிரி சுற்றுவட்டாரம் எள்ளுக்குப் பேர்போனது. ஆடிப் பட்டம், கார்த்திகைப் பட்டம், மாசிப் பட்டம் என்று ஊருக்கு ஊர் காலம் மாறும். ஆனால் எல்லா இடத்திலும் பொதுவான ஒன்று உண்டு. முக்கியப் பயிருக்குச் செலவழித்தது போக மிச்சமிருக்கும் காசு, மிச்சமிருக்கும் தண்ணீர், மிச்சமிருக்கும் நாட்கள், இவற்றை வைத்துத்தான் எள்ளை விதைக்கிறார்கள்.

அப்படி விதைப்பதில் அர்த்தம் இருக்கிறது. எண்பது, எண்பத்தைந்து நாளில் வயல் காலியாகிவிடும். தண்ணீர் குறைவாகப் போதும். ஆடு மாடு பெரும்பாலும் வாய் வைக்காது. கைச்செலவு போட்டுவிட்டு மூன்று மாதத்தில் கையில் காசு பார்க்கலாம்.

ஆபத்தும் அதே இடத்தில்தான். எள் வறட்சியைத் தாங்கும், தண்ணீர் தேங்கினால் தாங்காது. ஓரிரு நாள் வேரடியில் நீர் நின்றாலே செடி வாடித் தலை தொங்கிவிடும். மாசியில் விதைத்த எள் காய் பிடித்து முற்றும் நேரம் சித்திரை, வைகாசி. சரியாக அப்போதுதான் கோடை மழை இறங்கும். டெல்டாவில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்துவிட்டால், வடிகால் இல்லாத நெல் வயலில் நிற்கும் எள்ளின் கதி என்னவென்று அங்குள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். பயிர் பூத்துக் குலுங்கும்போது கூட அதைப் பார்த்து முழுதாகச் சந்தோஷப்பட முடியாது.

இந்த ஆபத்தோடு வருமானக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் எள்ளின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு அரை டன்னைச் சுற்றியே நிற்கிறது. ஏக்கருக்கு 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 9,846 ரூபாய். அந்த விலையே கிடைத்தாலும் ஏக்கருக்கு மொத்த வரவு 20,000 ரூபாயைத் தொடாது. உழவு, விதை, களை, அறுவடைக் கூலி எல்லாம் இதற்குள்தான். இந்த நிலையில், செடி கலைக்க ஏக்கருக்கு ஆறு பேர், ஆளுக்கு 400 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 2,400 ரூபாய் ஆகிறது. அந்தச் செலவை மீட்க மட்டுமே 25 கிலோ எள் கூடுதலாக விளைய வேண்டும். நெருக்கி நிற்கும் வயலில் ஒழுங்காகக் கலைத்துவிட்டால் அதற்கு மேலும் விளைய வாய்ப்பு உண்டு. ஆனால் கூலி இன்றைக்குக் கொடுக்க வேண்டும். விளைச்சல் வைகாசியில், மழை விட்டுவைத்தால் வரும். ஒரே வருட வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர் இந்தப் பந்தயத்தில் இறங்கத் தயங்குவதை எப்படிக் குறை சொல்வது?

கூடுதலாக விதை போடுவதும் இதே கணக்குதான். ஏக்கருக்கு 2 கிலோ என்று சொன்னால் பலர் 3 கிலோ, 4 கிலோ போடுவார்கள். எள் விதை பொடி. அரை அங்குலம் ஆழம் கூடினாலும் முளை மேலே வரத் திணறும். எள்ளுக்கு ஏழு உழவு, கொள்ளுக்கு ஓர் உழவு என்று பழைய ஆட்கள் சொன்னது இதனால்தான்; புழுதி பொடிப்பொடியாக இருந்தால் மட்டுமே எள் சீராக முளைக்கும். நெல் அறுத்த களிமண் வயலில் ஒரு சால் ரோட்டவேட்டர் ஓட்டிவிட்டுத் தூவும் எள்ளுக்கு அந்தப் புழுதி கிடைப்பதில்லை. கட்டிக்கு அடியில் போனது போகட்டும், மேலே கிடப்பதாவது வரட்டும் என்று ஒரு பிடி கூடவே வீசுகிறார்கள். முளைப்பு நன்றாக அமைந்துவிட்ட வருடத்தில் அதுவே வினையாகிறது. சாணுக்குச் சாண் பத்துச் செடி நின்று, ஒன்றோடொன்று வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு, ஒல்லியாக உயர்ந்து, உச்சியில் நாலு காய் காய்த்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வயல் அடர்த்தியாக, அழகாக இருக்கும். உள்ளே இறங்கி ஒரு செடியை விலக்கிப் பார்த்தால்தான் கிளையே இல்லை என்பது தெரியும்.

பத்தாவது காய்

எள் சாகுபடியில் எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை ஒன்று உண்டு. செலவே இல்லாதது. அறுவடைக்கு நாள் வந்துவிட்டதா என்று பார்க்க, செடியின் அடியிலிருந்து எண்ணிப் பத்தாவது காயை உடைத்துப் பாருங்கள் என்கிறது பல்கலைக்கழகக் கையேடு. உள்ளே விதை பழுப்பேறியிருந்தால் அறுத்துவிடலாம். கூடவே சில அடையாளங்கள்: அடியில் கால்வாசி இலை உதிர்ந்திருக்கும், தண்டு மஞ்சள் தட்டியிருக்கும், செடியின் பாதி உயரம் வரை காய்கள் நிறம் மாறியிருக்கும்.

பத்தாவது காய் எதற்கு? எள் ஒரே நாளில் முற்றுகிற பயிர் இல்லை. அடியில் முதலில் பூக்கிறது, பிறகு மேலே மேலே பூத்துக்கொண்டே போகிறது. உச்சியில் பூ இருக்கும்போதே அடிக்காய் முற்றத் தொடங்கிவிடும். முற்றிக் காய்ந்த காய் தானே வாய் பிளந்து விதையைக் கொட்டிவிடும். அவசரப்பட்டு அறுத்தால் மேல்காய் எல்லாம் பதர். மேல்காய்க்காகக் காத்திருந்தால் அடிக்காய் மண்ணுக்குப் போய்விடும். இரண்டு நஷ்டத்துக்கும் நடுவில் நாலைந்து நாள்தான் வாசல் திறந்திருக்கும். அந்த நாளைத் தவறவிடாமல் பிடிக்கத்தான் பத்தாவது காய்.

அனுபவப்பட்ட விவசாயிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நிறம் பார்த்தே சொல்லிவிடுவார். அவருடைய சிக்கல் வேறு. இன்றைக்குத்தான் அறுக்க வேண்டும் என்று தெரிந்த அதே நாளில், ஊரில் எல்லா வயலும் அறுப்புக்கு வந்திருக்கும். ஆள் கிடைக்க நாலு நாள் ஆகும். நெல்லுக்கு ராத்திரி பதினோரு மணிக்குக்கூட இயந்திரம் வந்து அறுத்துக் கொட்டிவிட்டுப் போகிறது. எள்ளுக்கு அப்படி வராது. வந்தால் ஆட்டுகிற ஆட்டத்தில் பாதி விதை வயலிலேயே சிந்திவிடும்.

இந்த வெடிக்கிற குணத்தை மாற்ற உலகம் முழுக்க முயன்றிருக்கிறார்கள். 1943-இல் வெனிசுவேலாவில் டெரால்ட் லாங்ஹாம் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், முற்றியும் வாய் திறக்காத காய்களைக் கொண்ட ஒரு செடியைக் கண்டெடுத்தார். பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் அந்தக் காய் இயந்திரத்திலும் எளிதில் உடையவில்லை, விளைச்சலும் கைகொடுக்கவில்லை. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகப் பல பத்தாண்டுகள் கழித்து, இயந்திரத்தால் அறுக்கக்கூடிய ரகங்கள் டெக்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களில் சாகுபடிக்கு வந்தன. அவை நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே வயலாக வைத்திருப்பவர்களுக்கு ஏற்றவை. உலகின் எள்ளில் மிகப் பெரும்பங்கு இன்னும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கையால்தான் அறுபடுகிறது.

அறுத்த பிறகு நடப்பதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். செடியைப் பிடுங்கி, வேர்ப்பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு, கட்டுக் கட்டாகக் களத்துக்குக் கொண்டு வருவார்கள். உச்சிகள் உள்பக்கம் பார்க்க, அடித்தண்டு வெளியே தெரிய, வட்டமாகப் போர் அடுக்குவார்கள். மேலே வைக்கோல் போட்டு மூடி மூன்று நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். உள்ளே புழுக்கம் ஏறி இலை அவிந்து கழன்றுவிடும், பச்சையாக இருந்த மேல்காயும் பதமாகிவிடும். நாலாம் நாள் போரைப் பிரித்து வெயிலில் பரப்பினால், மதியத்துக்குள் காய்கள் மெல்லிய சத்தத்தோடு வாய் திறக்கத் தொடங்கும். ஒரு பிடி செடியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலே மழைத்தூறல் மாதிரி எள் கொட்டும். முதல் நாள் உலுக்கலிலேயே முக்கால்வாசி விதை இறங்கிவிடும். மீதிக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் காயவைத்து உலுக்க வேண்டும்.

இதில் தப்பு நடக்கும் இடம் தரைதான். சிமென்ட் களம் உள்ள ஊர்களில் நெல்லுக்கே இடம் போதாது. சாணம் மெழுகிய தரையிலோ, தார் ரோட்டின் ஓரத்திலோ, வெறும் மண்ணிலோ உலுக்குகிறார்கள். ஆற்று மணலும் எள்ளும் ஏறக்குறைய ஒரே பருமன். கலந்துவிட்டால் முறத்துக்கும் அடங்காது, சல்லடைக்கும் அடங்காது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வியாபாரி மூட்டையின் அடிவரை கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி ஊதிப் பார்ப்பார். மண் தட்டுப்பட்டால் ஏலத்தில் அந்த மூட்டைக்கு விலை இறங்கிவிடும். மூன்று மாத உழைப்பின் விலையை நல்லதாக ஒரு தார்ப்பாய் இருந்ததா இல்லையா என்பது தீர்மானிக்கிறது.

களத்திலிருந்து பெல்ஜியம் வரை

தார்ப்பாய் என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2020-இல் நடந்ததை நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில், இந்தியாவிலிருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக பெல்ஜியம் முதலில் எச்சரிக்கை விடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எள்ளுக்கு அதன் வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். சில சரக்குகளில் வரம்பைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் இருந்தது. ஐரோப்பா முழுக்க ரொட்டி, பிஸ்கட் என்று எள் தூவிய பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அக்டோபரில், இந்திய எள் சரக்குகளில் பாதியைத் துறைமுகத்திலேயே சோதித்த பிறகே உள்ளே விடுவது என்று ஒன்றியம் முடிவெடுத்தது.

எத்திலீன் ஆக்சைடை எந்த விவசாயியும் வயலில் அடிப்பதில்லை. சால்மோனெல்லா என்ற கிருமியைக் கொல்வதற்காக, பதப்படுத்தும் இடத்தில் புகையூட்டுகிற வாயு அது. அந்தக் கிருமி எள்ளுக்குள் எப்படி வருகிறது? மண்ணிலிருந்தும், கால்நடை, பறவை எச்சத்திலிருந்தும். அதாவது, எள்ளை வெறுந்தரையில் காயவைப்பதும் உலுக்குவதும் கிருமி ஏறுவதற்கு ஒரு முக்கிய வாசல். அது ஏறிவிட்ட பிறகு அழிக்கக் கையாண்ட வழி, அதைவிடப் பெரிய சிக்கலாக வந்து நின்றது.

வேளாண்மைத் துறை மானியத்தில் தார்ப்பாய் கொடுக்கிறது. ஆனால் அது எல்லாப் பயிருக்கும் பொதுவாக, கையிருப்பு உள்ளபோது, முதலில் வருகிறவருக்கு என்று போய்விடுகிறது. எள் விளையும் ஊராட்சிகளில், வைகாசிக்கு முன், ஊருக்குப் பத்துப் பெரிய தார்ப்பாயைப் பொதுவில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தச் செய்தால், ரகம் மாற்றுவதால் கிடைக்கும் பலனுக்குக் குறையாத பலன் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

விதைக்குப் பஞ்சம் வரக் காரணமே இல்லை

ரகங்களைப் பொறுத்தவரை தமிழ்நாடு குறைவைத்ததில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. வரிசை பல பத்தாண்டுகளாகவே வருகிறது. டி.எம்.வி. 3 இன்னமும் பலருக்கு ஞாபகத்தில் இருக்கும் பெயர். 2009-இல் டி.எம்.வி. 7 வந்தது. விருத்தாசலம் நிலையத்திலிருந்து வி.ஆர்.ஐ. வரிசை, அதில் 2017-இல் வந்தது வி.ஆர்.ஐ. 3. வெள்ளை எள் வேண்டுபவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் எஸ்.வி.பி.ஆர். 1, கறுப்பு எள்ளுக்குப் பையூர் 1.

இருந்தும் பலர் விதைப்பது போன வருட மூட்டையில் அள்ளி வைத்ததையோ, மளிகைக்கடையிலோ வியாபாரியிடமோ வாங்கியதையோதான். அப்படி வாங்கியதில் மூன்று நிறம் கலந்திருக்கும். பாதிச் செடி 75 நாளில் முற்றும், மீதி 90 நாள் கேட்கும். ஏற்கெனவே மேலும் கீழும் சமமாக முற்றாத பயிரில் இந்தக் கலப்படமும் சேர்ந்தால் பத்தாவது காயை உடைத்துப் பார்த்தும் பயனில்லை.

இத்தனைக்கும் எள்ளைப்போல விதை பெருக்க எளிதான பயிர் குறைவு. ஏக்கருக்கு 200 கிலோ விளைந்தால் அது 100 ஏக்கருக்கான விதை. ஓர் ஊரில் ஒரே ஒரு விவசாயி, ஒரே ஒரு ஏக்கரில், நல்ல ஆதார விதை வாங்கிப் போட்டு, நோய்ப்பட்ட செடியையும் கலப்புச் செடியையும் பிடுங்கி எறிந்து, பக்கத்து எள் வயலிலிருந்து போதுமான தூரம் விட்டு வளர்த்தால் போதும். அடுத்த பட்டத்துக்கு அந்த ஊர் முழுக்க விதை தயார். எள் விதையில் தனியாருக்குப் பெரிய லாபம் இல்லை, ஏக்கருக்கு 2 கிலோவில் என்ன வியாபாரம் செய்ய முடியும்? அதனாலேயே இதை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் அரசு விதைப்பண்ணைகளும் எடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

விதை நேர்த்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் வேர் அழுகலுக்கு எதிராக நல்ல காப்பு. ஒரு ஏக்கர் விதைக்கு வேண்டியது 8 கிராம்தான். ஆனால் பொட்டலம் அதைப்போலப் பல மடங்கு பெரிது. ஒருவர் வாங்கினால் முக்கால்வாசி வீணாகும். இதையும் ஊருக்குப் பொதுவாகச் செய்தால்தான் கட்டுப்படியாகும். ஏக்கருக்கு 2 கிலோ மாங்கனீசு சல்பேட்டை மணலில் கலந்து போடுவதும் அப்படித்தான். அடியுரம், பூக்கும் பருவத்தில் தண்ணீர், 65 நாளுக்குப் பிறகு பாய்ச்சலை நிறுத்துவது ஆகியவை பெரும்பாலோருக்குத் தெரிந்தவை, வசதிப்பட்டால் செய்கிறவை.

தனி ஒருவரால் செய்து பயனில்லாத வேலைக்குச் சரியான உதாரணம் பச்சைப்பூ நோய். பூ இருக்க வேண்டிய இடத்தில் பூவே இலையாகத் திரிந்து, கொத்துக் கொத்தாகப் பச்சையாய் நிற்கும். அந்தச் செடியில் ஒரு காயும் வராது. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு இதைக் கொண்டு போகிறது. கண்டவுடன் பிடுங்கி அழிக்க வேண்டும் என்பதுதான் பரிந்துரை. நான் பிடுங்குகிறேன், வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பிடுங்கவில்லை என்றால் பூச்சி வரப்பைத் தாண்டி வந்துவிடும். இந்த மாதிரி வேலையை ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே "ஏற்றுக்கொண்டாரா, இல்லையா" என்று படிவத்தில் குறிப்பதில் என்ன பொருள்? ஊரே சேர்ந்து இறங்கினதா என்றல்லவா கேட்க வேண்டும்.

பயிற்சிக்கு யார் வருகிறார்கள்?

எள் வயலில் செடி கலைப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். களை எடுப்பது, பிடுங்கிக் கட்டுக் கட்டுவது, உலுக்குவது, புடைப்பது, சலிப்பது, இவையும் அவர்களே. மருந்து தெளிப்பதும் உழுவதும் விற்கப் போவதும் ஆண்கள். பயிற்சிக்கு அழைக்கப்படுவது சிட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள். மேம்பட்ட முறைகளில் நேரம் தவறாமல் செய்ய வேண்டியவை எல்லாம் யார் கையில் இருக்கின்றனவோ, அவர்களில் பலர் பயிற்சிக் கூடத்தின் வாசலைப் பார்த்ததில்லை. 15-ஆம் நாள் எந்தச் செடியை விட்டு எந்தச் செடியைப் பிடுங்குவது என்பதை, வயலில் வைத்து, கூலிக்கு வரும் பெண்களிடம் அரைமணி நேரம் காட்டினால் போதும். அவர்கள் அடுத்தடுத்த வயலுக்கும் அதே கையைக் கொண்டு போவார்கள். ஒரு பருவத்தில் ஒரு பெண் எத்தனை வயலில் குனிகிறாரோ அத்தனை வயலுக்கும் அந்த முறை போய்ச் சேரும். வேறு எந்த விரிவாக்கப் பணியாளருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது.

அடுத்தது குத்தகைதாரர்கள். நெல் அறுத்த பின் மூன்று மாதத்துக்கு மட்டும் வாய்ப்பேச்சில் நிலத்தை வாங்கி எள் போடுகிறவர்கள் டெல்டாவில் உண்டு. அவர்கள் பெயர் அடங்கலில் ஏறுவது அரிது. மானிய விதையோ, சேதத்துக்கு நிவாரணமோ நில உரிமையாளர் பெயருக்கே போகும். அடுத்த வருடம் இந்த நிலம் தமக்குக் கிடைக்குமா என்று தெரியாதவர், வடிகால் வெட்டவும் நிலத்தைச் சமப்படுத்தவும் கைக்காசைப் போடமாட்டார். இதைக் கேட்டுவிட்டு, "இவர்களுக்கு ஆர்வம் குறைவு" என்று யாராவது எழுதினால் மனசு கொதிக்கிறது.

மேற்கு வங்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே கோடை எள் உருளைக்கிழங்குக்குப் பின் வருகிறது. கிழங்குக்குத் தாராளமாகப் போட்ட உரத்தின் மிச்சமும், கிழங்குக்காகப் பொலபொலவென்று கிளறிவிட்ட மண்ணும் எள்ளுக்குக் கிடைக்கின்றன. நாட்டின் சராசரியைவிட அந்த மாநிலத்தின் விளைச்சல் மிக அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கேயும் எள் மிச்சத்தில்தான் வளர்கிறது. ஆனால் அந்த மிச்சம் செழிப்பான மிச்சம். நம் ஊரில் நெல்லுக்குப் பின் களிமண்ணில் விதைக்கும் விவசாயியிடம் அதே விளைச்சலைக் கேட்பது நியாயமாகாது. மண்ணைப் பொடியாக்க இன்னொரு சால் உழவுக்கும், நாலு இடத்தில் வடிகால் வாய்க்காலுக்கும் யாராவது உதவினால் கேட்கலாம்.

10,103 கோடியில் கைகளுக்கு எவ்வளவு?

நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியில் ஓடுகிறது. எள்ளே ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை சமையல் எண்ணெய்களுக்கான தேசிய இயக்கத்தின் எண்ணெய்வித்துப் பிரிவுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-31 வரை 10,103 கோடி ரூபாய். கடுகு, நிலக்கடலை, சோயா, சூரியகாந்தியோடு எள்ளும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நல்ல விதை, விதை உற்பத்தி மையங்கள், செயல்விளக்கத் திடல்கள் என்று திட்டம் விரிகிறது. வரவேற்க வேண்டியதுதான்.

செயல்விளக்கத் திடல்களைப் பற்றி மட்டும் ஒரு கோரிக்கை. வேளாண் அறிவியல் நிலையங்கள் விவசாயி வயலில் திடல் போடும்போது விதை, நுண்ணூட்டம், உயிர் உரம், மருந்து ஆகியவற்றைக் கொடுக்கின்றன. பலகை நட்டு, வயல் விழா நடத்தி, விளைச்சலை எடைபோட்டுக் காட்டுகின்றன. திடலில் விளைச்சல் கூடுகிறது. பக்கத்து வயல்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஆள் விட்டீங்க?" அதற்கான பதில் பலகையில் இருப்பதில்லை. செடி கலைக்க எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு கூலி, அதற்கு ஈடாக எத்தனை கிலோ கூடியது என்று நாலு வரி எழுதி வைத்தால் விவசாயி அங்கேயே நின்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வார். கட்டுப்படியானால் அவரே செய்வார். கட்டுப்படியாகாவிட்டால், அந்தப் பரிந்துரையைத் திருத்த வேண்டியது நிலையத்தின் பொறுப்பு.

திருத்த வழியும் இருக்கிறது. எள்ளை மணலில் கலந்து டிராக்டர் விதைப்பானில் வரிசையாக விதைத்தால் விதை மிச்சமாகும், வரிசைக்குள் மட்டும் கலைத்தால் போதும், வரிசைக்கு நடுவே தள்ளுகளைக் கருவி ஓட்டலாம். விதைப்பானை ஒரு சிறு விவசாயி சொந்தமாக வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை. வாடகை மையத்தில் மாசிப் பட்டத்துக்கு முன்னால், சின்ன விதைக்கு ஏற்ற தட்டுகளோடு, இயக்கத் தெரிந்த ஆளோடு தயாராக இருக்க வேண்டும். தட்டு இல்லாமல் நிற்கும் விதைப்பானால் எள்ளுக்கு எந்த உபயோகமும் கிடையாது. இன்னொன்று, திட்டத்தின் மானியத் தொகையில் ஒரு பகுதியை இடுபொருளாகத் தராமல், முதல் இரண்டு வருடத்துக்குச் செடி கலைப்புக் கூலியாக, வேலை முடிந்த வயலைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். இரண்டு பட்டம் ஒழுங்காகக் கலைத்து விளைச்சலைக் கண்ணால் பார்த்த விவசாயி மூன்றாவது பட்டத்துக்குத் தன் காசைப் போடத் துணிவார்.

வருகிற மாசிப் பட்டத்துக்கு எள் போட நினைப்பவர்கள் தை பிறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். விருத்தாசலம், திண்டிவனம் நிலையங்களிலும், பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலும், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் எந்த ரகம், எவ்வளவு விதை இருக்கிறது என்று கார்த்திகையிலேயே கேட்டு வையுங்கள். ஊரில் நாலு பேர் சேர்ந்து கேட்டால் ஒரே ரகமாக வாங்கலாம், டிரைக்கோடெர்மா பொட்டலத்தைப் பங்கு போடலாம், தார்ப்பாய்க்குச் சேர்ந்து மனு கொடுக்கலாம், 15-ஆம் நாள் கலைப்புக்கு ஆள் முறை வைத்து ஒருவர் வயலுக்கு ஒருவர் இறங்கலாம். அந்த முறையில் யார் வயல் எந்த நாள் என்பதை விதைக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். விதைத்த பிறகு பேசினால் 15 நாள் போதாது.